கதவில் ஒட்டிய தாள்

மார்ச் 4

அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, காதுதான் முன்பைவிட மந்தம். போனில் நீ எதையோ கேட்க, நான் எதற்கோ பதில் சொல்ல, கடைசியில் இரண்டு பேருக்கும் கோபம்தான் மிச்சம். பக்கத்து வீட்டுக்காரர் நான் கத்துவதைக் கேட்டுச் சிரிக்கிறார். இனிமேல் கடிதம்தான். அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது? வலது கை அசைகிறதா? பேச்சு கொஞ்சமாவது தெளிந்ததா?

விஷயத்துக்கு வருகிறேன். போன மழைக்கு உங்கள் தெருவில் தண்ணீர் வாசல்வரை வந்து நின்றது என்று நீதான் சொன்னாய். உங்கள் வீட்டுக்கு இருப்பது இரண்டே படி. ஆற்றங்கரைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று பேப்பரில் வேறு போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் தீயணைப்பு வண்டியில் ஓடியவன் நான். கழுத்தளவு தண்ணீரில் பிழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், முழங்கால் தண்ணீரில் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தயாராக இருந்தவர்கள்தான் பிழைத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியவில்லை. இங்கே வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்குப் போய் ஒரு தாள் கொடுத்துவிட்டு வருகிறேன். நானே கோடு போட்டு அச்சடித்தது. பெயர், வயது, என்ன நோய், என்ன மருந்து எந்த நேரத்தில், தூக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும், உடன் இருப்பவர் யார், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. நூறு வீட்டுக்குமேல் கொடுத்தாகிவிட்டது. சொந்த அக்கா வீட்டுக்குக் கொடுக்கவில்லை என்று நேற்றுதான் உறைத்தது. ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நிரப்பி, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வாசல் கதவின் உள்பக்கம் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டு. கதவை உடைத்து வருகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பான்.

இன்னொன்று. கோபப்படாதே. படுத்த படுக்கையாக இருப்பவரை நீ ஒருத்தியாக எத்தனை நாள் தூக்குவாய்? பிள்ளை குட்டி என்று கைகொடுக்கவும் யாருமில்லை. இங்கே மேட்டில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது, சுத்தமான இடம். அத்தானுக்கு ஒரு கட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். முடியவில்லை என்று ஒரு வார்த்தை எழுது, போதும். அடுத்த நாளே வண்டியோடு வந்து நிற்பேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

-----

மார்ச் 19

என் ஆபீசர் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே அவர் தேவலை. நான் எப்போதும்போல. உன் காதுக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை அதற்கும் தண்ணீர் பீய்ச்சி அணைத்துவிடலாம் என்று இருக்கிறாயா? மனைவி இருந்தால் இழுத்துக்கொண்டு போயிருப்பாள். அவள் போன பிறகு உன்னைக் கேட்க நாதியில்லை.

கடிதத்தை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இல்லம் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். ஆனால் அவருக்கு மூளை மழுங்கவில்லையே, கண்ணாலேயே 'மேலே படி' என்றார். படித்தேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தம்பி, இதைக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். அவர் பேசுவது இப்போது எனக்கு மட்டும்தான் புரிகிறது. மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மா தினமும் வந்து போகிறாள், அவளுக்கே விளங்கவில்லை. அந்த இல்லத்தில் தண்ணீர் கேட்டால் போர்வையைப் போர்த்துவார்கள். நாற்பத்து நான்கு வருஷம் சேர்ந்து இருந்துவிட்டு, வாய் குழறுகிறது என்று அவரை அங்கே விட்டுவிட்டு வரச் சொல்கிறாயா? எனக்கு முடிகிறது. முடியாமல் போகாது.

உன் தாளை நிரப்பினேன். ஒரே தாள்தான் அனுப்பியிருக்கிறாய். இந்த வீட்டில் யாருக்கு என்று கேட்க வேண்டியதே இல்லை! பக்கவாதம், இரத்தக்கொதிப்பு, மாத்திரை ஆறு, நேரம் எல்லாம் எழுதிவிட்டேன். தூக்கும்போது வலது தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். உடன் இருப்பவர் என்ற இடத்தில் 'மனைவி, நலம்' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று அவர் சொல்கிறார். நான் சொன்னேன், 'உங்களுக்கு என்ன, படுத்துக்கிட்டே பழமொழி சொல்வீங்க. தூக்குறது நான்தானே.' சிரித்தார். ஒரு பக்கம்தான் சிரிக்கிறது, அதுவும் அழகாகத்தான் இருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

-----

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. இல்லத்தைப் பற்றி இப்போது பேசவில்லை. ஆனால் கட்டிலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நீ ஒரு நாள் சறுக்கி விழுந்தாலும் அத்தான் கதி என்ன என்று யோசி.

தாளில் நீ எழுதியது எல்லாம் சரி. இனி பை. கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவை. அத்தானின் மாத்திரை ஏழு நாளைக்கு, மருந்துச் சீட்டின் நகல், அவருடைய மாற்றுக் கண்ணாடி, இரண்டு உடுப்பு, போர்வை, டார்ச், விசில், ரஸ்க், தண்ணீர். பை நீ ஒரு கையால் தூக்கும் கனத்தில் இருக்க வேண்டும். மறு கை அத்தானுக்கு. ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்ப உள்ளே போனார். கண்ணாடியோடுதான் எடுத்தோம், அவரைத்தான் உயிரோடு எடுக்க முடியவில்லை. அதனால் பைக்குள் இல்லாத பொருளுக்காகத் திரும்பாதே. இதை மட்டும் மனதில் எழுதிக்கொள்.

கடைசியாக ஒத்திகை. அத்தானைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, மாடி வரைக்கும் கொண்டுபோக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார். தையல்காரம்மாவைக் கூப்பிட்டுக்கொள். அத்தானுக்கு மூச்சு வாங்குகிறதா என்று கவனி.

தம்பி

-----

மே 27

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. பதில் போட இவ்வளவு நாளாகிவிட்டது, திட்டாதே. செருப்பு கடித்து இடது காலில் ஒரு புண். ஆறுவேனா என்கிறது. தபால் பெட்டி தெருக்கோடியில் இருக்கிறது, நடக்கச் சோம்பல். நடுவில் நாலு நாள் ஒரு வேலையாக வெளியே தங்க வேண்டியிருந்தது. தையல்காரம்மா அவரைப் பார்த்துக்கொண்டாள். நாலு நாளும் அவர் கேட்டது எதுவும் அவளுக்குப் புரியவில்லையாம். நான் திரும்பி வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. போகட்டும். அவர் இப்போது தேவலை, நான் எப்போதும்போல.

ஒத்திகை நடந்தது. கேள். பலகை நாற்காலியில் அவரை உட்காரவைத்து இடுப்பில் பழைய புடவையால் கட்டினோம். தையல்காரம்மா முன்னால், நான் பின்னால். ஐந்தாவது படியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்க, நான் சிரிக்க, நாற்காலி ஆட, அவர் நடுவில் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு ஏதோ சொன்னார். "என்னக்கா சொல்றாரு?" என்று அவள் கேட்டாள். "சவ ஊர்வலம்கூட இதைவிட வேகமாப் போகுமாம்" என்றேன். அவ்வளவுதான், நாற்காலியை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு மூன்று பேரும் படியில் உட்கார்ந்து சிரித்தோம். மொத்தம் பதினோரு நிமிஷம்; சிரித்ததற்கு மூன்றைக் கழித்துக்கொள்.

எனக்குத்தான் மாடிக்குப் போனதும் கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது. வெயில்.

அக்கா

-----

ஜூன் 8

அக்காவுக்கு,

நலமே. பதினோரு நிமிஷம் அதிகம். ஆறுக்குக் கொண்டுவா. இன்னும் நாலு மாதம் இருக்கிறது. செருப்பு கடித்தால் வேறு செருப்பு வாங்கிக்கொள், அதற்காகத் தபாலை நிறுத்தாதே. அத்தானைப் பற்றி எதுவும் தெரியாமல் இரண்டு மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நாலு நாள் அவர் பேச்சு யாருக்கும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதுதான் இப்போது என் கவலை. நீ பக்கத்தில் இல்லாத ஒரு நேரம் வந்தால் அவர் வாய் இருந்தும் ஊமைதான். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது? எழுதப் பழக்கு. ஊரில் பாதிக் கடைக்குப் பெயர்ப்பலகை எழுதிய மனுஷன். ஒரு மாதத்தில் வந்துவிடும்.

அத்தானின் இரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் எழுது.

தம்பி

-----

ஜூலை 15

தம்பிக்கு,

அவர் தேவலை. நான் எப்போதும்போல. கொதிப்பு நூற்று நாற்பதுக்குக் கீழேதான் இருக்கிறது. நீ சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாய் என்று தோன்றுகிறது. கையெழுத்தே மெலிந்திருக்கிறது.

பென்சிலை இடது கையில் கொடுத்தேன். நாலு எழுத்து எழுதினார். பார்த்தார். பென்சிலை வீசி எறிந்தார், அது போய் பாத்திரத்தில் விழுந்தது. "இந்தக் கோணல் எழுத்தை யாருக்குக் காட்டறது? செத்தாலும் எழுத மாட்டேன்" என்றார். அவர் எழுதின பலகையில் ஒரு சுழி பிசகினால் முழுதும் அழித்துவிட்டு மறுபடி எழுதுவாரே, அந்த ஆள்தானே இது. நாய் வாலை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம். நான் விட்டுவிட்டேன். நான்தான் இருக்கிறேனே.

நேற்று ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. எனக்கு பிரிட்ஜைப் பற்றித்தான் கவலை. ஒரு சந்தேகம், சும்மாதான் கேட்கிறேன். பிரிட்ஜில் குளிர்ச்சியாக வைக்க வேண்டிய சாமான் இருந்தால் அதை உன் பையில் எப்படி வைப்பது? முன்கூட்டியே வைத்தால் வீணாகிவிடும். கிளம்பும்போது எடுக்கலாம் என்றால், நீதான் எதற்கும் திரும்பாதே என்கிறாயே. உன் ஆபீஸில் இதற்கு ஏதாவது வழி சொல்வார்களா?

அவசரமில்லை. மெதுவாக எழுது.

அக்கா

-----

ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

சுகம். உன் சந்தேகத்தைப் படித்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீடே மிதக்கும்போது பாலையும் காய்கறியையும் காப்பாற்றப் போகிறாயா? அதையெல்லாம் விடு. வாங்கிக்கொள்ளலாம். அத்தானின் ஆறு மாத்திரையையும் ஒரு டாக்டரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன், எதையும் பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. அதனால் பிரிட்ஜ் பக்கமே போகாதே. பை, நாற்காலி, அத்தான். இந்த மூன்றுதான்.

எழுத மாட்டேன் என்று அத்தான் பிடிவாதம் பிடித்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது. அவரிடம் சொல், தீயணைப்புக்காரன் அழகைப் பார்த்துத் தண்ணீர் அடிப்பதில்லை என்று.

தாளை இன்னும் ஒட்டவில்லையா? எழுதவே இல்லையே.

தம்பி

-----

செப்டம்பர் 20

தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. மழை பிடித்துக்கொண்டது. ஆறு கலங்கலாக ஓடுகிறது, சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. இங்கே அவர் தேவலை. நான் எப்போதும்போல.

உன் தாளை ஒட்டிவிட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நான்கு பக்கமும் டேப். காற்றுகூடப் புகாது. பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. வீணாக்குவானேன் என்று நானும் எதையோ கிறுக்கிவைத்தேன். ஒத்திகை இப்போது ஆறரை நிமிஷம். யாரும் சிரிப்பதில்லை, எல்லோருக்கும் பழகிவிட்டது. தையல்காரம்மா அடுத்த வாரம் மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறாள். திரும்பி வரும்வரை ஆறு பொறுத்துக்கொள்ளட்டும்.

நீ கேலி செய்ததைப் படித்து நானும் சிரித்தேன். ஆமாம், பாலுக்கும் காய்கறிக்கும்தான் கவலைப்பட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாக நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் வேண்டாம் என்று தோன்றுகிறது. நீ உடனே வண்டியோடு வந்து நிற்பாய். உன் குணம் தெரியாதா எனக்கு? சின்ன வயதில் எனக்கு முள் குத்தினால்கூட நீதான் முதலில் அழுவாய். மழை முடியட்டும். நேரில் வா, சொல்கிறேன்.

நீ செய்து கொடுத்ததெல்லாம் போதுமானது. நிம்மதியாகத் தூங்கு.

அக்கா

-----

அக்டோபர் 11

அக்கா,

கரைச்சுவர் உடைந்தது என்று இன்று காலையில் செய்தி. உங்கள் பகுதியின் பெயரையும் சொன்னார்கள். பாலம் போய்விட்டதால் பஸ் இல்லை, ரயில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டுப் பார்த்தார், உங்கள் போன் வேலை செய்யவில்லை. தாலுகா அலுவலகத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. இதைத் தபாலில் போடுகிறேன், எப்போது வந்து சேருமோ. அத்தானை ஏற்றிவிட்டாயா? பையை எடுத்துக்கொண்டாயா? அத்தானுக்கு மாத்திரை நேரம் தவறவில்லையே? ஒரே ஒரு வரி எழுது.

முப்பது வருஷம் ஊரார் வீட்டுக்கெல்லாம் ஓடினேன். இப்போது கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பி

-----

அக்டோபர் 16

மதிப்பிற்குரிய ஐயா,

உங்களுக்கு என்னைத் தெரியாது. மேட்டுத் தெரு ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வெள்ளத்தின்போது எங்கள் பள்ளியில்தான் நூற்று இருபது பேர் தங்கியிருந்தார்கள். உங்கள் முகவரியும் பக்கத்து வீட்டுப் போன் எண்ணும் அவர்கள் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்த தாளில் இருந்தன. நேற்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னேன். அவர் உங்களிடம் எப்படிச் சொன்னாரோ தெரியவில்லை. நடந்ததை நீங்கள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் அத்தான் நலமாக இருக்கிறார். உங்கள் அக்கா பதினான்காம் தேதி மாலை மருத்துவமனையில் காலமாகிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

பத்தாம் தேதி மதியம் படகுக்காரர்கள் அவர்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தத் தெருவிலேயே அவ்வளவு ஒழுங்காக இருந்த வீடு வேறு இல்லை என்று சொன்னார்கள். ஐயா நாற்காலியில் கட்டித் தயாராக இருந்தாராம். பை அம்மாவின் தோளில். ஏறும்போது மட்டும் அம்மா, "ஒரு நிமிஷம்பா, பிரிட்ஜ்ல ஒண்ணு எடுக்கணும்" என்று திரும்பியிருக்கிறார்கள். "பால் காய்கறியெல்லாம் விடுங்கம்மா, உயிர் முக்கியம்" என்று இவர்கள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்கள். அம்மா ஐயாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு அந்தப் படகுக்காரர் என் எதிரில் தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தத் தாளைக் கதவிலிருந்து உறையோடு பிய்த்து வந்திருந்தார்கள். ஐயாவின் பாய்க்கு மேலே சுவரில் நான்தான் ஆணி அடித்து மாட்டினேன். எங்களுக்கு அது பெரிய உதவி. ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. அம்மாவிடம், "உங்களுக்கு ஏதாவது மருந்து வேணுமாம்மா?" என்று முதல் நாளே கேட்டேன். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, நான் எப்போதும்போலத்தான். அவரைப் பாருங்க" என்றார்கள். காலில் கட்டுப் போட்டிருந்தார்கள், கட்டு சேற்றுத் தண்ணீரில் ஊறியிருந்தது. மாற்றிக் கட்டினேன். மறுநாள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அதற்கடுத்த நாள் பெரும்பாலும் தூக்கம். இத்தனை நாள் தூக்கிச் சுமந்த களைப்பு, தூங்கட்டும் என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். அந்த வார்த்தை என்னைச் சும்மா விடவில்லை.

ஐயா ஓயாமல் எங்களைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. பசியோ, வலியோ என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினோம். எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். அழுதார். பதிமூன்றாம் தேதி காலையில் நான் வகுப்பறைக்குள் வந்தபோது அவர் பாயிலிருந்து கரும்பலகை வரை இழுத்துக்கொண்டே போயிருந்தார். இடது கையில் சுண்ணாம்புக்கட்டி. பலகையின் அடியில், எட்டிய உயரத்தில், 'அவளுக்கு சர்க்கரை. ஊசி இல்லை' என்று எழுதியிருந்தார். உடனே படகு பிடித்து அனுப்பினோம். மருத்துவர்கள் ஒரு நாள் முழுக்கப் போராடினார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றார்கள்.

வழி இல்லாததால் உங்களுக்காகக் காத்திருக்க முடியவில்லை. ஐயாவை அழைத்துக்கொண்டு போய், பதினைந்தாம் தேதி இறுதிக் காரியத்தை முடித்தோம். ஐயா இப்போது என் வீட்டில்தான் இருக்கிறார்.

உங்கள் துக்கத்தில் பங்குகொள்ளும்
ஆசிரியை

-----

அக்டோபர் 24

அத்தானுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாலம் தயாராக இன்னும் இரண்டு வாரம் ஆகுமாம். திறந்த அன்றே வருகிறேன். அதற்கு முன்னால் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். நீங்கள் திருப்பி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

எழுதும் கடிதத்துக்கெல்லாம் நகல் வைத்துக்கொள்வது என் பழைய ஆபீஸ் பழக்கம். அக்காவுக்கு எழுதிய ஐந்தையும் எடுத்துப் படித்தேன். உங்கள் கை, உங்கள் பேச்சு, உங்கள் கொதிப்பு, உங்கள் மூச்சு. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒன்றில்கூட நான் கேட்கவில்லை. புண் ஆறவில்லை என்று எழுதினாள், செருப்பை மாற்றச் சொன்னேன். கண் இருட்டுகிறது என்றாள், நான் அதற்குப் பதிலே எழுதவில்லை. பிரிட்ஜில் ஒன்று இருக்கிறது, என்ன செய்வது என்று வாய்விட்டே கேட்டாள், நான் சிரித்தேன். குளிர் தாங்கும் சின்ன டப்பா ஒன்று வாங்கியிருந்தால் போதும் அத்தான். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். கேட்கிற மற்றவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பினேன். எனக்கு அக்கா என்றால் தூக்குகிறவள். தூக்குகிறவளுக்கு நோய் வரும் என்று தோன்றவே இல்லை.

மூன்று நாளாக இங்கே மறுபடி வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறேன். படுத்திருப்பவருக்கு ஒரு தாள் கொடுத்தேனே, உங்களுடையது எங்கே என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்கிறேன். முதல் நாள் பதினான்கு வீடு. அதில் ஏழு வீட்டில் அவர்களுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு இதயம், ஒருவருக்குச் சிறுநீரகம், ஐந்து பேருக்குச் சர்க்கரை. "நீங்க கேக்கலையே தம்பி" என்றார் ஒரு அம்மா. அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இல்லத்தில் சொல்லிவைத்திருந்த கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்னோடு இருங்கள். உங்கள் பேச்சு புரியும்வரை கேட்கிறேன். காது கேட்காதவனும் வாய் குழறுகிறவரும் நல்ல ஜோடி என்று அக்கா சொல்லியிருப்பாள்.

மச்சான்

-----

நவம்பர் 5

மச்சான்,

இடது கை. எழுத்து கோணல். பொறுத்துக்கொள். இதை எழுத இரண்டு நாள் ஆனது.

உன்மேல் மட்டும் போட்டுக்கொள்ளாதே. எனக்குத் தெரியும். இரண்டு வருஷமாகத் தெரியும். காலையில் என் முன்னால் உட்கார்ந்துதான் ஊசி போட்டுக்கொள்வாள். உங்ககிட்ட இருந்தா ரகசியம் வெளியே போகாது என்று சிரிப்பாள். மே மாதம் நாலு நாள் போனது ஆஸ்பத்திரிக்குத்தான். காலுக்கு.

அவள் பென்சில் கொடுத்தாளே, அன்றே பழகியிருந்தால் முதல் நாளே எழுதியிருப்பேன். எழுத்து அழகாக இல்லை என்று எறிந்தேன். கரும்பலகையில் எழுதும்போது அழகைப் பார்க்கவில்லை. மூன்று நாள் தாமதம். இது என்னுடையது. உனக்குத் தர மாட்டேன்.

வருகிறேன். உன்னோடு இருக்கிறேன். வரும்போது இரண்டு தாள் கொண்டு வா. எனக்குப் புதிது ஒன்று. உனக்கு ஒன்று. ஊருக்கெல்லாம் கொடுத்தாயே, உன் கதவில் ஒட்டியிருக்கிறாயா?

டீச்சர் நேற்று தாளை உறையிலிருந்து எடுத்தாள். அது வரைக்கும் பின்பக்கம் சுவரைப் பார்த்துத்தான் தொங்கியது. இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பிப் பார். கோடுகூட அவளே போட்டிருக்கிறாள்.

அத்தான்

(தாளின் பின்பக்கம், பென்சிலில்)

பெயர்: முன்பக்கம் இருப்பவரின் மனைவி.

வயது: 68.

நோய்: சர்க்கரை. காலில் ஆறாத புண்.

மருந்தும் நேரமும்: இன்சுலின் ஊசி, காலையும் மாலையும். பிரிட்ஜ் கதவில், மேல் தட்டு.

தூக்கும்போது கவனிக்க வேண்டியது: முதலில் அவரைத் தூக்கவும். நான் நடந்து வருவேன்.

உடன் இருப்பவர்: கணவர். அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால் புரியும்.

தகவல் தெரிவிக்க வேண்டியவர்: தம்பிக்கு மட்டும் வேண்டாம். தெரிந்தால் இவரை இல்லத்தில் சேர்த்துவிடுவான்.